அரசுப் பள்ளிக்கு வந்த பணம்: பெற்றோர் கணக்குக் கேட்கலாம்

அரசுப் பள்ளியின் வரவு செலவு தலைமை ஆசிரியர் பாடு, நமக்கென்ன என்று பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் அப்படி விட்டுவைக்கவில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. பணம் அரசிடமிருந்து வந்தாலும், உள்ளாட்சியிடமிருந்து வந்தாலும், வேறு எங்கிருந்து வந்தாலும் இது பொருந்தும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும்; மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள்.

ஆண்டுதோறும் வரும் முக்கியமான தொகை ஒருங்கிணைந்த பள்ளி மானியம். பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நெறிமுறைப்படி 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கும் மேல் போனால் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரப் பணிக்குப் போக வேண்டும். கழிப்பறையில் பினாயில் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பத்து சதவீதத்தைப் பற்றித்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: ரொக்கப் பதிவேடு, பில்லும் வவுச்சரும் (பணம் கொடுத்ததற்கான சீட்டு), வாங்கிய பொருட்களைப் பதியும் இருப்புப் பதிவேடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு மின்விசிறி வாங்கியதாக பில் இருந்தால், அந்த நான்கும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பிறகு எழுந்து வகுப்பறைக்குப் போய், நான்கும் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பெரிய கணக்கு ஞானம் எதுவும் இதற்குத் தேவையில்லை. கூட்டமே நடக்காமல் தீர்மான நோட்டு வீட்டுக்கு வந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாரும் போட்டாச்சுக்கா, நீங்க மட்டும்தான் பாக்கி" என்று சொன்னாலும் போடாதீர்கள். அந்தக் கையெழுத்து, செலவை நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி.

கணக்குக் கேட்பதைத் தலைமை ஆசிரியர் மேல் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மானியம் தாமதமானால் கைக்காசு போட்டுச் சமாளிப்பவர்கள் அவர்களில் உண்டு. ஊரறியப் படித்த கணக்குதான் நாளைக்கு அவர்களுக்கே பாதுகாப்பு.

குழுவில் இல்லாத பெற்றோருக்கும் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகம் அல்லது மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். எந்த நிதியாண்டு, எந்த மானியம், எந்தப் பதிவேட்டின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நகல் வேண்டாம், நேரில் பார்த்தால் போதும் என்றாலும் கேட்கலாம். அலுவலகம் மாறிப் போய்விட்டால் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீட்டு மனுவோடு அதன் நகலை இணைக்க வேண்டியிருக்கும்.