புளி போட்டுத் துலக்காதீர்கள்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கேமரா பழுது பார்க்கிறேன். நெல்லியாம்பதி, வால்பாறை எஸ்டேட்டுகளில் வேலை பார்த்த குடும்பங்கள், "துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது" என்று பழைய கேமராக்களைக் கொண்டு வருவார்கள். விலை போகுமா என்பதுதான் முதல் கேள்வி.

போன வருடம் ஒரு அம்மா லைக்கா 3சி என்ற ஜெர்மன் கேமராவைக் கொண்டு வந்தார். 1940-இல் வரத் தொடங்கிய மாடல். அழுக்காகக் கொடுக்கக் கூடாதென்று முந்தின இரவே புளி போட்டுத் துலக்கியிருந்தார். குத்துவிளக்குபோல் மின்னியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து குரோம் பூச்சு ஏற்கெனவே மட்டம், தானாகவே உரியக்கூடியது. ஒட்டியிருந்த கொஞ்சமும் போய் அடியிலிருந்த பித்தளை தெரிந்தது. எழுத்துப் பள்ளங்களில் இருந்த கறுப்பு மையும் இல்லை. எப்படிச் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. சேகரிப்பவர்கள் தேய்மானத்துக்குப் பயப்படுவதில்லை. விரல் படும் இடத்திலும் தோலுறை உரசும் விளிம்பிலும் தேய்ந்திருந்தால், அந்தக் கேமரா உழைத்திருக்கிறது என்று அர்த்தம். கை படாத இடமும் சேர்ந்து வழவழப்பாக இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

சில போர்க்கால 3சி-களில் ஷட்டர் திரை, அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடும் துணி, சிவப்பாக இருக்கும். பழுதாகிவிட்டது என்று அதைக் கறுப்புத் திரையாக மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றித் தருவதில்லை. சிவப்புத் திரை போனால், போர்க்காலத்துக் கேமரா என்பதற்கான பாதிச் சாட்சி போயிற்று. சீரியல் எண்ணுக்குப் பின்னால் 'கே' எழுத்து இருந்தால் பால் பேரிங் வைத்த ஷட்டர், குளிரிலும் ஓடுவதற்காகச் செய்தது. அதையும் நன்றாகப் பார்த்து வையுங்கள்.

இன்னொரு பக்கம், ஏமாற்று. வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒரு பையன் கடன் வாங்கி ஒரு கேமரா வாங்கியிருந்தான். "அண்ணா, ஜெர்மன் விமானப்படை லைக்காங்க, 3சி" என்றான். மேலே பெரிய கழுகு முத்திரை. முன்பக்கம் பார்த்தேன், ஷட்டரின் மெது வேகத்துக்கான சின்ன டயலே இல்லை. 3சி-யில் அது இருக்க வேண்டும். லென்ஸைக் கழற்றினேன். லைக்காவில், தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளும் கையின் நுனியில் சின்ன உருளை இருக்கும். இதில் ஆப்புபோல் பட்டையான துண்டு. லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா சோர்க்கி அது. சோர்க்கி வந்ததே 1948-இல், போர் 1945-இல் முடிந்துவிட்டது. "தம்பி, மேலே பொறித்த முத்திரையை நம்பாதே, உள்ளே பார்" என்றேன். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்காக சோவியத் கேமராக்களைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். 1934 முதல் உக்ரைனின் கார்கிவில், ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படித்த கம்யூனில் தயாரான ஃபெட் கேமராவுக்குத் தனி மதிப்பு உண்டு. அதை ஃபெட் என்றே சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

லென்ஸ் விஷயம் நம் ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் முக்கியம். மழைக்காலத்தில் தோலுறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வலைபோல் படர்ந்து கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். சும்மிடார் போன்ற பழைய லைக்கா லென்ஸ்களின் முன்கண்ணாடி மென்மையானது. வேட்டி நுனியால் துடைத்தே கோடு போட்டுக் கெடுத்ததை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அப்புறம், உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கும் விலை உண்டு. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கேமராவை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். என்னிடம் கொண்டு வருவதானால் தூசியோடு அப்படியே கொண்டு வாருங்கள்.