வேலைக்கும் வாழ்க்கைக்கும் என்ன சண்டை? ஒரு சொல் விளக்கம்

'வேலை-வாழ்க்கை நல்லிணக்கம்.' சிங்கப்பூரில் அலுவலகச் சுவரொட்டியிலும் மனிதவளப் பிரிவு அனுப்பும் சுற்றறிக்கையிலும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. காது மட்டும் ஏற்க மறுக்கிறது. இதற்கு முன் புழங்கிய 'வேலை-வாழ்க்கைச் சமநிலை'யும் எனக்குப் பிடித்த சொல் இல்லைதான். ஆனால் புதியது வந்தபிறகு பழையதன்மேல் கொஞ்சம் பரிவே வந்துவிட்டது.

பொருள் எளியது. சம்பளத்துக்குச் செய்யும் வேலை நம் குடும்பம், உடம்பு, உறக்கம், நட்பு, சும்மா இருக்கும் பொழுது எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஆங்கிலத்தில் 'வொர்க்-லைஃப் பேலன்ஸ்'. 'பேலன்ஸ்' என்பது இரண்டு தட்டு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, தராசுதான். தராசு நமக்கும் புதிதில்லை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்கிறது 118ஆம் குறள். 'சமன்' வடமொழித் தொடர்புடையதாயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் வள்ளுவரிடம் போய்ப் பேசிக்கொள்ளட்டும். 'வேலை' என்ற சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் கடல், கரை, காலம் என்றெல்லாம் பொருள் உண்டு. தொழில் என்ற பொருள் பிற்பாடு ஓங்கியது. கரை என்று பொருள்பட்ட சொல் இன்று கரையே இல்லாமல் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அது போகட்டும்.

நல்லிணக்கம் எங்கிருந்து வந்தது? இங்கே ஆங்கிலமே முதலில் மாறியது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட முத்தரப்புத் தரநிலையின் பெயரிலேயே 'பேலன்ஸ்' இல்லை, 'ஹார்மனி'தான் இருக்கிறது. இரண்டும் சரிபாதியாக இருக்கத் தேவையில்லை, ஒன்றுக்கொன்று பொருந்திப் போனால் போதும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தில் குறை காண மாட்டேன். 'ஹார்மனி'க்கு நம் மொழிபெயர்ப்பாளர் கைவசம் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தார் என்பதுதான் வினை. ஆண்டுதோறும் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964 இனக் கலவரங்களை மறக்கக்கூடாது என்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் சேலையும் சீனரின் சியோங்சாமும் மலாய்க்காரரின் பாஜு குரோங்கும் மாற்றி மாற்றி உடுத்திக்கொள்ளும் நாள். 1990இல் வந்த சட்டம் சமய நல்லிணக்கத்தைக் காப்பது. அப்படியாக, இந்த ஊரில் நல்லிணக்கம் என்றதும் மனத்துக்கு வருவது மோதிக்கொண்ட, அல்லது மோதிக்கொள்ளக்கூடிய இரண்டு கூட்டத்தார். வேலையும் வாழ்க்கையும் எப்போது அடித்துக்கொண்டன? எந்தத் தலைவர் வந்து சமரசம் பேசினார்? இணங்குவது மனிதர்கள் செய்வது. இரவு பத்து மணிக்கு மேலாளர் அனுப்பும் வாட்ஸ்அப் குறுஞ்செய்தி யாரோடும் இணங்காது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. பிணக்கைத் தீர்க்க இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற சாயல் நல்லிணக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். இங்கே விட்டுக்கொடுக்கப் போவது எந்தத் தரப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

சமநிலைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. காற்பந்தில் 'ஆட்டம் சமநிலையில் முடிந்தது' என்றால் யாரும் வெல்லவில்லை என்று பொருள். அறிவியல் பாடத்திலோ அது அசைவற்ற நிலையையும் குறிக்கும். 'சமன்' என்று நிறுத்தினாலே வேலை முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் 'வேலை-வாழ்க்கை' என்ற முதல் பாதியில் இருக்கிறது. தமிழில் உம்மைத்தொகையாக, அதாவது 'உம்' மறைந்து, சேர்பவை நிகரானவை: இராப்பகல், தாய்தந்தை. வேலையும் வாழ்க்கையும் அப்படியா? வாழ்க்கைக்குள்தான் வேலை இருக்கிறது. மரத்தையும் கிளையையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து யாராவது நிறுப்பார்களா? ஆங்கிலத்தில் 'லைஃப்' என்றால் வேலைக்கு வெளியே உள்ளது என்றும் பொருள் கொள்ளலாம். 'கெட் எ லைஃப்' என்கிறார்களே. தமிழ் வாழ்க்கைக்கு அந்தப் பொருள் கிடையாது. வாழ்க்கை நடத்துவது என்றால் சம்பாதிப்பதும் அதில் அடக்கம். பேச்சுத்தமிழில் 'பொழப்பு' என்ற ஒரு சொல் தொழிலையும் உயிர்வாழ்வதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குறுந்தொகை 135 இன்னும் ஒருபடி மேலே போய் 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்கிறது. அந்தப் பாட்டு வினைக்கு அடுத்து நிறுத்துவது மனையை. முல்லைப் பாட்டுகளில் வினை முடித்த தலைவன் தேரை விரட்டச் சொல்வதும் மனைக்குத்தான். நம் முன்னோர் பிரித்த இடம் அது.

'வினை-மனை' என்று வைத்துவிடலாமே என்று ஆசை வந்தது உண்மை. ஆனால் இன்றைக்கு வினை என்றால் வம்பு. மனை என்றால் வீடு விற்கும் முகவர் வந்துவிடுவார். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் முன்வைக்கும் 'பணிவாழ்வுச் சமன்மை' அதைவிட மோசம். பணிவாழ்வு என்றால் ஒருவர் உத்தியோகம் பார்த்த காலம் என்றே தோன்றும். போதாததற்கு அதைப் 'பணிவு, ஆழ்வு' என்றும் பிரிக்கலாம். மேலதிகாரி முன் குனிந்தே காலம் தள்ளுபவருக்கு அது வேண்டுமானால் பொருந்தும்.

நான் எழுதுவது இது: 'வேலையும் சொந்த வாழ்க்கையும்.' தலைப்புக்கு இது போதும். 'சொந்த' என்ற ஒரு சொல் சேர்ந்ததுமே பிரிவினை சரியாகிவிடுகிறது. பெயர்ச்சொல்லாகவே வேண்டுமென்றால் 'வேலை - சொந்தவாழ்வுச் சமன்.' வாக்கியத்துக்குள் வரும்போது அதுவும் வேண்டாம். 'வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள' என்றால் எல்லாருக்கும் புரியும். ஆங்கிலப் பெயர்ச்சொல் எங்கே கிடந்தாலும் தமிழில் அதற்கு ஒரு பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் யார் சொன்னார்களோ.

அவர்களால் நன்றாகச் செய்யமுடியாது என்று சொல்லவரவில்லை. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டிகள் பற்றிய செய்திகளில் 'நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு' என்று வந்தது. நீக்குப்போக்கு! 'நெகிழ்வுத்தன்மை வாய்ந்த' என்று இழுக்காமல், மாமியார்கள் வாயில் புழங்கிய சொல்லை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வேலை நியமனச் சட்டத்தைப் பற்றி எழுதும்போதும் 'வாரத்துக்கு 44 மணி நேரம்', 'ஓய்வு நாள்' என்று தெளிவாகத்தான் எழுதுகிறார்கள். சுவரொட்டிக்கு வந்தால்தான் நல்லிணக்கம் பிடித்துக்கொள்கிறது.

சமநிலையை விடமாட்டோம் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'வாழ்க்கை சமநிலை' என்று அச்சடிக்காதீர்கள். நடுவில் ஒரு 'ச்' வரவேண்டும்.