தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்

சித்திரை மாத மதிய வெயிலில் எங்கள் மொட்டை மாடிச் சுவரில் ஒரு காகம் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும். கரையவும் செய்யாது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடோ 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை மூச்சோடு ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அப்படிப் போன தண்ணீரைக் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே பாதிக்கு மேல் தண்ணீர் கிடைத்துவிடும். கம்பும் தினையும் கொத்தும் சிட்டுக்குருவிக்கு அந்த வசதி இல்லை. காய்ந்த தானியத்தில் ஈரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் தானியம் வைக்கிறவர்கள் பக்கத்திலேயே தண்ணீரும் வைத்துவிடுங்கள்.

அதற்கு அகலமான மண் தட்டுதான் நல்லது. இரண்டு அங்குல ஆழம் போதும்; நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சின்னப் பறவைகள் அதில் நின்று குடிக்கும், குளிக்கும். மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது தட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பெயின்ட் அடித்த அழகுத் தட்டை வாங்கினால் துளை அடைபட்டு இந்த வேலை நடக்காது. நிழலில் வைப்பது முக்கியம். ஆனால் பூனை பதுங்குகிற புதர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இனி கழுவுவது. பலர் குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கேதான் தப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில். முட்டை கறுப்பாக, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆக, தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் பத்தாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் ஓரங்களை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

கழுவிய தட்டை வெயிலில் காயவைக்கவும் வேண்டும். அது வேறொரு எதிரிக்கு. புறாக்களின் தொண்டையில் வாழும் ட்ரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, எச்சிலோடு தண்ணீரிலும் தானியத்திலும் கலந்து அடுத்த பறவைக்குத் தொற்றும். பிரிட்டனில் 2005 முதல் கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறுபறவையின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தோட்டங்களில் தீனி வைக்கும் இடங்கள் வழியாகவும் அது பரவியது. நல்லவேளை, உலர்ந்தால் இந்த ஒட்டுண்ணி செத்துவிடும். நான் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். ஒன்று பயன்பாட்டில் இருக்க, மற்றது வெயிலில் கவிழ்ந்து கிடக்கும். தீனித் தட்டும் அப்படித்தான். அன்றன்று தீர்கிற அளவுக்குத் தானியம் போட்டால் பூஞ்சை பிடிக்காது.

நேற்றுக் காலை பார்த்தால் தண்ணீரில் ஒரு கோழி எலும்பும் பாதி இட்லியும் ஊறிக்கொண்டிருந்தன. காய்ந்தது எது கிடைத்தாலும் நனைத்துத் தின்பது காகத்தின் பழக்கம். அதற்கென்று ஒரு பழைய சட்டியைத் தள்ளி வைத்திருக்கிறேன். இன்னும் அது பக்கம் திரும்பவில்லை.