எடுத்து வளர்ப்பது வேறு, தத்தெடுப்பது வேறு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம் பக்கம் "எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று எதையும் சொல்வார்கள். அக்கா மகளைச் சித்தி வளர்த்தாலும் அதுதான், ஆசுபத்திரியில் யாரோ விட்டுப்போன சிசுவைத் தூக்கி வந்தாலும் அதுதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்து தனி, ஃபாஸ்டர் கேர் என்கிற வளர்ப்புப் பராமரிப்பு தனி. மத்தியச் சட்டம் என்பதால் வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும் இதே விதிதான்.

தத்தெடுத்தால் பெற்றவர்களோடு இருந்த சட்ட உறவு முடிந்துவிடும். சொத்து உட்பட எல்லா உரிமையும் புதிய வீட்டில்தான். ஃபாஸ்டர் கேரில் அப்படி இல்லை. சொந்தக் குடும்பம் நிமிரும் வரை பிள்ளை உங்கள் வீட்டில் வளரும், சொத்தில் பங்கு வராது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கேரளத்தில் கோடை விடுமுறைக்கு மட்டும் காப்பகப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. தயங்குகிறவர்கள் அதில் ஆரம்பிக்கலாம். 2024-ல் வந்த வழிகாட்டுதல்படி, இரண்டு வருடம் ஃபாஸ்டர் கேரில் வளர்த்த பிள்ளை தத்துக்குத் தகுதி பெற்றிருந்தால், அந்தக் குடும்பமே தத்தெடுக்கக் கேட்கலாம்.

இனி முத்திரைத்தாள் விவகாரம். பெற்றவளிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு பிள்ளையைத் தூக்கி வருகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை. ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறைப்படி இல்லாமல் தத்தெடுத்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, ஐந்து வருடம் வரை போகும். வளர்க்க முடியாத தாய், மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழு (CWC) முன்னால் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. முத்திரைத்தாளில் அந்த அவகாசம் யாருக்குக் கிடைக்கும்?

தெருவில் சிசு கிடைத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு உடனே சொல்லுங்கள்; 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். கண்டெடுத்தவருக்கே பிள்ளை என்பது ஊர் நம்பிக்கை மட்டும்தான். அவருக்கு முன்னுரிமை எதுவும் கிடையாது.

சரி, தத்தெடுக்க என்ன வழி? காரா என்ற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிய வேண்டும். அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். தம்பதிக்கு இரண்டு வருட நிலையான திருமண வாழ்க்கை வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை கேட்டால், கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இந்த 85-ல்தான் நம்மவர்கள் பலர் மாட்டுகிறார்கள். கோயில், வைத்தியம் என்று வருடங்களைக் கடத்திவிட்டு வருகிறார்கள். பெரிய பிள்ளை என்றால் வரம்பு தளரும்.

சொந்தக்காரப் பிள்ளையா? இந்துக்கள் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி பெற்றவர்களிடமிருந்தே நேரடியாகத் தத்து எடுக்கலாம்; பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருந்தால் அந்தச் சட்டத்தில் இன்னொரு மகனை எடுக்க முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லா மதத்தாருக்கும் திறந்திருக்கிறது.

ஒரு குழப்பம். இங்கே "சிசுக்ஷேம சமிதி" என்று குழந்தைகள் நலக் குழுவையும் சொல்கிறார்கள், அம்மத்தொட்டில் (சிசுவை விட்டுச்செல்ல வைத்திருக்கும் தொட்டில்) நடத்தும் மாநிலக் குழந்தைகள் நல கவுன்சிலையும் சொல்கிறார்கள். குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும் அதிகாரம் முதலாவதுக்குத்தான். எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலையாளம் எழுத வராவிட்டாலும் கவலை வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுத 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

இளைஞர் நீதிச் சட்டப்படி எடுக்கும் தத்துக்கு, 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவைக் கோர்ட் அல்ல, கலெக்டர்தான் போடுகிறார். அந்த உத்தரவைக் காட்டித்தான் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரை ஏற்ற வேண்டும். பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.