டால்ஸ்டாய் என்ன அராஜகம் செய்தார்?

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை வாசித்தோம். இரண்டாம் பத்தியிலேயே ‘கிறித்தவ அராஜகவாதியான டால்ஸ்டாய்’ என்று வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். “தம்பி, அந்த மனுஷன் புலால்கூடச் சாப்பிடாதவர். அவர் என்ன அராஜகம் பண்ணினார்?” வாசித்துக்கொண்டிருந்த பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் ஆளவே கூடாது என்னும் கொள்கைக்காரரை ஆங்கிலத்தில் ‘அனார்கிஸ்ட்’ என்பார்கள். அதற்குப் போட்ட தமிழ்தான் இந்த ‘அராஜகவாதி’. இந்தத் தொடரை நான் அச்சில் பார்ப்பது நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ. சில மாதங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் படத்தில் ‘நாங்கள் அனார்கிஸ்டுகள்’ என்று ஒருவர் சொல்ல, கீழே ஓடிய தமிழ் வரி ‘நாங்கள் நாத்திகர்கள்’ என்றது. ஒரே கொள்கைக்காரரை ஓரிடத்தில் ரவுடியாகவும் இன்னோரிடத்தில் கடவுள் மறுப்பாளராகவும் ஆக்கிவிட்டோம். இரண்டுமே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘அர்க்கோஸ்’ என்றால் ஆள்பவர், தலைவர். முன்னால் வரும் ‘அன்’ இன்மையைக் குறிக்கும். ‘அனார்க்கியா’ என்றால் ஆள்பவர் இல்லாத நிலை. பழைய ஏதென்ஸில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த ஆண்டின் தலைமை அலுவலரான அர்க்கோனின் பெயரே பெயர். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்றபின் முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் கும்பல் ஒன்று நகரை ஆண்டது. அவர்கள் காலத்தில் தேர்வான அர்க்கோனின் பெயரை மக்கள் பின்னாளில் ஏற்கவில்லை. அந்த ஆண்டை ‘அனார்க்கியா’ என்றே குறித்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அது வசைச்சொல்லாகவே புழங்கியது. 1840இல் பிரெஞ்சுக்காரரான புரூதோன்தான் ‘நான் அனார்கிஸ்ட்’ என்று அந்த வசையைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டார்.

சரி, தமிழுக்கு வருவோம்.

‘அராஜகம்’ வடசொல். ராஜன் இல்லாத நிலை என்பது அதன் நேர்ப்பொருள். பார்த்தால் கிரேக்கச் சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் இந்தச் சொல் பழைய நூலில் வரும் ஓர் இடத்தைப் பாருங்கள். வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில் தசரதன் இறந்ததும், அரசனில்லாத நாடு என்ன ஆகும் என்று பெரியவர்கள் வசிட்டரிடம் அடுக்குகிறார்கள். மழை பெய்யாது, மகன் தந்தைக்கு அடங்க மாட்டான், மனைவி கணவனுக்கு அடங்க மாட்டாள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதாவது ‘அராஜகம்’ என்பது அரசன் வேண்டும் என்போரின் அச்சத்திலிருந்து வந்த சொல். அரசன் வேண்டாம் என்பவரின் கொள்கைக்கு அதையே பெயராக வைப்பது, எதிர்க்கட்சிக்காரரின் வசவை ஒருவருக்குப் பெயராகப் பதிவு செய்வது போன்றது.

புரூதோனும் அதைத்தானே செய்தார் என்று கேட்கலாம். அவர் தன் மொழியில், தன் வாயால் செய்தார். நாம் இன்னொருவருக்குச் செய்கிறோம். மேலும் இன்றைய தமிழில் அராஜகத்துக்கு ‘அரசனின்மை’ என்ற பொருள் எங்கே மிச்சம் இருக்கிறது? ‘போலீஸ் அராஜகம்’, ‘ஆளுங்கட்சியினர் அராஜகம்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். ஆட்சியில் இருப்பவர்கள் அத்துமீறுவதற்கே அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. அட்டூழியம், அடாவடி என்ற வரிசையில் அது உட்கார்ந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. இனி அதை அங்கிருந்து எழுப்ப முடியாது. 1900இல் இத்தாலி மன்னர் உம்பெர்ட்டோவையும் 1901இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லியையும் சுட்டவர்கள் தங்களை அனார்கிஸ்டுகள் என்றே சொல்லிக்கொண்டார்கள் என்பது உண்மை. அந்தக் குற்றங்களைப் பேசும்போது பேசுவோம். கொள்கையின் பெயரிலேயே தீர்ப்பை எழுதி வைக்கக் கூடாது.

தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் இங்கே ‘அரசின்மை’யை நீட்டுவார்கள். இதனோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. அராஜகம் அறியாமையால் வந்த பிழை. அரசின்மையோ யோசித்துச் செய்த பிழை.

முதல் குறை, ‘இன்மை’ ஒரு நிலையைச் சொல்லும், நிலைப்பாட்டைச் சொல்லாது. நோயின்மை, வேலையின்மை எல்லாம் நிலைகள். வேலையின்மை யாருடைய கொள்கையும் அன்று. ஓர் அரசு கவிழ்ந்து அடுத்தது அமையாமல் கிடக்கும் நாட்டில் இருப்பதும் அரசின்மை, புரூதோன் விரும்பியதும் அரசின்மை என்றால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? பின்னால் ‘வாதம்’ என்று ஒட்டுப் போட்டுச் சமாளிக்கிறார்கள். வள்ளுவர் இறைச்சி உண்ணாத கொள்கைக்கு ‘புலாலின்மை’ என்று தலைப்பு வைக்கவில்லை. ‘புலான்மறுத்தல்’ என்றார். இல்லாமல் இருப்பது வேறு, வேண்டாம் என்று மறுப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது குறை பெரியது. அனார்கிசத்தின் பகை அரசு ஒன்றோடு மட்டும் இல்லை. முதலாளி, நிலக்கிழார், திருச்சபை, வீட்டுக்குள் அதட்டும் ஆண் என்று ஒருவர் இன்னொருவர்மேல் ஏறி அமரும் எல்லா இடத்திலும் அது கேள்வி கேட்கிறது. ஏதென்ஸ்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் வெட்டிச் சாய்த்து ஆண்ட ஆண்டைத்தான் அவர்கள் அனார்க்கியா என்றார்கள். அரசு இருந்தது, அதுவும் கொடூரமாக இருந்தது. ஒப்பத் தகுந்த ஆள்பவர்தான் இல்லை. அந்த ஆண்டை ‘அரசின்மை ஆண்டு’ என்று மொழிபெயர்த்தால் வரலாறே தலைகீழாகிவிடும்.

‘அரசின்மை’ என்று வைத்துவிட்டால் மதம் பற்றிய பேச்சு இந்தக் கொள்கைக்குள் எப்படி வந்தது என்பதே புரியாமல் போகும். அரசு வேண்டாம் என்பவர் கடவுளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஆனால் கவலைப்பட்டார்கள், கடுமையாக. ரஷ்ய அனார்கிஸ்டான பக்கூனின் எழுதி, அவர் இறந்தபின் 1882இல் வெளியான ‘கடவுளும் அரசும்’ என்ற நூலின் தலைப்பே போதும். கடவுள் இல்லாவிட்டால் அவரை நாமே உண்டாக்க வேண்டியிருக்கும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் சொன்னதை அவர் திருப்பிப் போட்டார். கடவுள் உண்மையிலேயே இருந்தால் அவரை ஒழித்தாக வேண்டும் என்றார். மேலே ஓர் எசமான் இருக்கும்வரை கீழே அடிமை இருப்பான் என்பது அவருடைய கணக்கு. அமெரிக்காவில் இயங்கிய அனார்கிஸ்டான எம்மா கோல்ட்மனும் அதே வழியில் கடவுள் மறுப்பை எழுதினார். பகத் சிங் 1928இல் ‘கிர்தி’ இதழில் அனார்கிசத்தை விளக்கியபோது, ஒழிய வேண்டியவையாகக் கடவுளையும் மதத்தையும், அரசையும், தனிச் சொத்தையும் சேர்த்தே சொன்னார். அவருடைய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையை ஜீவா தமிழாக்கி, அதற்காகச் சிறையும் போனார். அனார்கிஸ்ட் என்றாலே நாத்திகர் என்ற எண்ணம் நம்மிடம் ஊன்றியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்பெயினில் 1936இல் தேவாலயங்கள் எரிந்ததும் உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான குருமார் கொல்லப்பட்டதும், அதில் அனார்கிஸ்டுகளின் கை இருந்ததும் மறைக்கக் கூடியவை அல்ல.

ஆனால் டால்ஸ்டாய்? இயேசுவின் மலைப்பொழிவில் வரும் ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்ற ஒரு வரியை அவர் சொல்லுக்குச் சொல் நம்பினார். அதை நம்பும் ஒருவர் எப்படிப் படைவீரராக முடியும், எப்படித் தூக்குத் தண்டனை எழுத முடியும், அந்தப் படைக்கு எப்படி வரி கட்ட முடியும்? கிறிஸ்துவை ஏற்றதால்தான் ரஷ்யப் பேரரசரான ஜாரை ஏற்க முடியவில்லை. 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது. அனார்கிஸ்டுகள் சொல்வதெல்லாம் சரி, வன்முறைப் புரட்சியால் அதை அடையலாம் என்பது ஒன்றுதான் தவறு என்பது அவர் கருத்து. நியூயார்க்கில் 1933 மே தினத்தன்று ஒரு சென்ட் விலையில் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ இதழைத் தொடங்கிய கிறித்தவ அனார்கிஸ்டான டோரதி டே, நாள்தோறும் திருப்பலிக்குப் போனவர். 1955இல் அணுகுண்டுத் தற்காப்பு ஒத்திகையின்போது பதுங்க மறுத்துக் கைதானவரும் அவர்தான். காந்தியும் 1916இல் காசியில் பேசியபோது, தானும் ஓர் அனார்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்றார்.

ஆக அனார்கிஸ்டுகளுக்குள்ளே நடந்த சண்டை இதுதான்: கடவுளும் ஓர் ஆள்பவரா? ஆமென்றால் பக்கூனின் வழி. அவர் ஒருவரே ஆள்பவர், ஆகவே மனிதர் யாரும் ஆள முடியாது என்றால் டால்ஸ்டாய் வழி. இந்தச் சண்டையைத் தாங்குகிற சொல்தான் நமக்கு வேண்டும். அது ‘ஆட்சிமறுப்பு’ என்பது என் முடிவு.

ஏனென்றால் தமிழில் ஆட்சியும் ஆண்டவனும் ஒரே வேர். ஆள் என்ற வினையிலிருந்துதான் ஆண்டான், ஆண்டவன் எல்லாம். தஞ்சைப் பக்கம் பண்ணையாளர்கள் நிலக்காரரை அழைத்த ‘ஆண்டை’யும் அந்தக் குடும்பம்தான். வள்ளுவரின் ‘இறைமாட்சி’ அரசனைப் பற்றிய அதிகாரம். கோயில் என்றாலும் முதலில் அரசன் வீடுதான். பக்கூனின் ஒரு நூல் எழுதி நிறுவ வேண்டியிருந்ததை நம் அகராதி சும்மா சொல்லிவிடுகிறது. மறுபக்கத்தையும் சொல்கிறது. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்றார் அப்பர், அரசன் ஆள் அனுப்பி அழைத்தபோது பாடியதாக மரபு. அதே பாட்டில் இறைவனுக்கு ‘மீளா ஆளாய்’ ஆனதாகவும் பாடுகிறார். அப்பரை நான் அனார்கிஸ்ட் ஆக்கவில்லை. வாதத்தின் வடிவம் டால்ஸ்டாயுடையதுதான் என்கிறேன். ‘மீளா ஆள்’ என்ற இடத்தில் பக்கூனின் எழுந்து நின்று சண்டை பிடித்திருப்பார்.

‘ஆட்சிமறுப்பு’ என்றால் இப்போதைய ஆளுங்கட்சியை எதிர்ப்பதாக எண்ணிவிடுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் முறை எண்ணலாம். ஒருவரி விளக்கத்தில் அது தீரும். அராஜகத்துக்கு ஒரு பக்க விளக்கம் எழுதினாலும் தீராது. ‘ஆட்படாமை’ அழகான சொல். ஆனால் பிறருக்கு அடங்காததை மட்டும் சொல்கிறது, பிறரை அடக்கவும் மாட்டேன் என்ற பாதியை விட்டுவிடுகிறது. சென்னையில் பிறந்து பெர்லின் போய் இந்தக் கொள்கையில் ஊன்றிய எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றி எழுதுகிறவர்களாவது இதைக் கவனிக்க வேண்டும். நம் மண்ணில் பிறந்தவரையே அராஜகவாதி என்று அச்சிட்டால் பள்ளிப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அகராதியின் முதல் சொல்லை எடுத்துப் போடுமுன், அந்தச் சொல்லை நேற்றைய நாளிதழ் எந்தப் பொருளில் போட்டது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் அதே கட்டுரையை, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி, நானே வாசித்தேன். ‘கிறித்தவ ஆட்சிமறுப்பாளரான டால்ஸ்டாய்.’ ஆசிரியர் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “எல்லா ஆட்சியையும் மறுத்தவர், ஆண்டவனை மட்டும் எப்படித் தம்பி ஏத்துக்கிட்டார்?”