சாக்கடை வழிவதை மேம்படுத்துகிறார்களாம்!

“கழிவுநீர் வழிதல் மேம்பாட்டுத் திட்டம்.” வழிதலை மேம்படுத்துவது என்றால் என்ன, இன்னும் நன்றாக வழிய வைப்பதா? லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வெட்டிய சேதி தமிழில் வரும்போதெல்லாம் இந்தத் தொடரோ இதன் பங்காளிகளில் ஒன்றோ ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பங்காளிகளில் மூத்தது ‘ஒருங்கிணைந்த கழிவுநீர் மிகைப்பாய்வு’. இதைப் படித்துவிட்டு என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதியவர் உட்பட.

சரி, முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘கம்பைண்டு ஸ்யூவர் ஓவர்ஃப்ளோ’ என்பார்கள், சுருக்கமாக சி.எஸ்.ஓ. லண்டன், பாரிஸ், நியூயார்க், சிகாகோ போன்ற பழைய நகரங்களின் பெரும்பகுதியில் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீரும் தெருவில் விழுகிற மழைத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் போகும். வெயில் நாளில் பிரச்சினை இல்லை. மழை அடித்தால் குழாய் கொள்ளாது. கொள்ளாததை விட்டுவிட வழி வைக்காவிட்டால் அது எதிர்த்து ஏறி வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும். அதனால் குழாய்க்குள் ஓர் இடத்தில் பக்கவாட்டில் ஒரு குட்டைச் சுவர் வைப்பார்கள். சாதாரண நாளில் சுவரின் இந்தப் பக்கமாகவே தண்ணீர் ஓடிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மட்டம் ஏறிச் சுவரின் தலையைத் தொட்டால், தாண்டுகிற தண்ணீர் அந்தப் பக்கத்து இருட்டு வழியில் இறங்கி ஆற்றங்கரையில் ஒரு மடல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழும். கடல் ஏற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறாமல் அந்த மடல் தானே சாத்திக்கொள்ளும். சுவர், வழி, மடல் மூன்றும் சேர்ந்ததுதான் ‘ஓவர்ஃப்ளோ’. ஆக, இது செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டி வைத்த ஒரு அமைப்பு.

ஸ்யூவர் என்ற சொல்லின் பூர்வீகம் சுருக்கமாக: லத்தீனில் ‘எக்ஸ்’ வெளியே, ‘அக்வா’ தண்ணீர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய வட பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் குளத்துத் தண்ணீரை வெளியே விடும் வழி என்று பொருள். மலமும் சேறும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. ஆங்கிலமே இந்தச் சொல்லைக் குளக்கரையிலிருந்துதான் பொறுக்கியிருக்கிறது. ஏரியும் கண்மாயுமாகக் கட்டி வாழ்ந்த நாம் அகராதிக்குள் போய் ‘மிகைப்பாய்வு’ தேடுகிறோம்.

இப்போது அந்த மூத்த பங்காளியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல் நம் ஊரில் எங்கே புழங்குகிறது? ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், ஒருங்கிணைந்த பேருந்து நிலையம், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். அரசாங்கம் ரிப்பன் வெட்டுகிற இடமெல்லாம் இந்தச் சொல் இருக்கும். சிதறிக் கிடந்ததை ஒழுங்காகச் சேர்த்திருக்கிறார்கள், நல்லது என்ற வாசனை அதில் ஏறிவிட்டது. மலமும் மழையும் ஒரே குழாயில் போவது ஒருங்கிணைப்பா? அது கலப்பு. பாலில் தண்ணீர் கலந்தால் ஒருங்கிணைந்த பால் என்றா சொல்கிறோம்?

அடுத்தது இலக்கணம். கம்பைண்டு என்பது ஸ்யூவருக்கு அடைமொழி, அதாவது குழாய்க்கு. மொழிபெயர்ப்பாளர் ஸ்யூவர் என்ற குழாயையும் அதில் ஓடும் சீவேஜ் என்ற தண்ணீரையும் ஒன்றாக்கி இரண்டுக்கும் ‘கழிவுநீர்’ என்று போட்டுவிட்டார். குழாயைக் காணோம். குழாய் போனபின் அடைமொழி தண்ணீர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இது ஏன் நடக்கிறது என்றால், ‘சாக்கடை’ என்று எழுதக் கை கூசுகிறது. தெருவில் எல்லோரும் பாதாள சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள், ஒப்பந்தக்காரர் சொல்கிறார், கவுன்சிலர் சொல்கிறார், மூடி உடைந்தால் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். எழுத்துக்கு வரும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘கழிவுநீர்’. தண்ணீர் கழிவுநீர், அது ஓடுகிற இடம் சாக்கடை. இந்த வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

‘மிகைப்பாய்வு’க்கு வருவோம். இதன் மேல் எனக்குத் தனிக் கோபம். மிகை என்றால் அளவு கூடியது, பாய்வு என்றால் ஓட்டம். இடத்தைக் குறிக்க வேண்டிய சொல் அளவைக் குறிக்கிறது. எண்ணிப் பாருங்கள், நிஜமாகவே எண்ணுங்கள். கடல் ஏற்றம் எட்டும் தேம்ஸ் பகுதியில் இப்படிப்பட்ட ஓவர்ஃப்ளோக்கள் 57 இருப்பதாகவும் அவற்றில் 34 உடனே கவனிக்க வேண்டிய அளவுக்கு ஆற்றைக் கெடுக்கின்றன என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கெடுத்தது. இதை ‘லண்டனில் 57 மிகைப்பாய்வுகள் உள்ளன’ என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? 57 தடவை வழிந்தது என்று நினைப்பார். அப்படியே ஒரு கட்டுரையில் எழுதியும் இருந்தார்கள். பிழை வாசகருடையது இல்லை, சொல்லே அவரைக் கையைப் பிடித்துத் தப்பான தெருவுக்குக் கூட்டிப்போகிறது.

‘வழிதல்’ எளிய சொல்தானே, அதை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எளிய சொல்தான், ஆனால் அதில் கவனக்குறைவு ஒளிந்திருக்கிறது. யாரோ குழாயை மூட மறந்தால் தொட்டி வழியும். லண்டன் விவகாரத்தில் சண்டையே இந்த இடத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு விதி, வழக்கத்துக்கு மாறான கனமழையில் கொஞ்சம் ஆற்றுக்குப் போவதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் லண்டனில் சில மில்லிமீட்டர் மழைக்கே போய்க்கொண்டிருந்தது, சராசரியாக வாரம் ஒரு முறை. ஆண்டுக்குச் சுமார் 3.9 கோடி டன் என்று கணக்கு சொன்னார்கள். இது விதிவிலக்கா வாடிக்கையா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 2012 அக்டோபரில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வாடிக்கையாக நடப்பதை ‘வழிந்துவிட்டது’ என்று எழுதினால் நம்மை அறியாமலே பிரதிவாதி வக்கீலாகிவிடுகிறோம். இன்னொரு கூட்டம் ‘கழிவுநீர் திறந்துவிடப்பட்டது’ என்று எழுதும். அது எதிர்ப்பக்கத்துப் பிழை. நீரேற்று நிலையம் வைத்து இறைத்துத் தள்ளும் சில இடங்களை விட்டால் அங்கே யாரும் எதையும் திறப்பதில்லை. மட்டம் ஏறினால் தானே தாண்டும்.

மட்டம் ஏறினால் தானே தாண்டும்படி கட்டி வைத்த இடத்துக்குத் தமிழில் பெயர் உண்டு. கலிங்கு. பேச்சில் கலங்கல். ஏரிக்கரை உடையாமல் இருக்க, கரையை விடத் தாழ்வாக ஓரிடத்தில் கல் கட்டிவிடுவார்கள். மதகைத் திறக்க நீர்க்கட்டி என்கிற பாசனக்காரர் வர வேண்டும், கலிங்குக்கு ஆளே தேவையில்லை. மேலே வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். பருவம் முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவில் பலகையும் மண்ணும் வைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள். கற்களுக்கு இடையில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி இறங்கும், கீழே பையன்கள் மீனுக்குத் துணி விரித்திருப்பார்கள். ஒவ்வொரு வட்டாரமும் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் ‘ஏரி கோடி போகுது’. மதுரைக்குத் தெற்கே ‘கண்மாய் மறுகால் பாயுது’. ஈழத்தில் ‘குளம் வான் பாயுது’, கதவு வைத்திருந்தால் அது வான்கதவு. ஒரே செயலுக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில் வந்து மிகைப்பாய்வு!

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் இந்தச் சொல்லை நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்துப் பாசனப் பொறியாளர்களின் அறிக்கைகளில் ‘கலிங்குலா’ என்று வரும். இந்திய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்த 1886ஆம் ஆண்டு ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இருக்கிறது, தமிழ்ச் சொல் என்று குறித்தே. பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் லண்டனுக்குச் சாக்கடை கட்டியதும் ஏறக்குறைய அதே காலம்தான். 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியபின், 1859இல் வேலை தொடங்கியது. ஆற்றை நோக்கி ஓடிய பழைய சாக்கடைகளை ஆற்றோரமாகக் குறுக்கே மறித்து, கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் வரை கொண்டுபோனார். மறிக்கிற இடத்தில் கொள்ளாதது பழைய வழியிலேயே ஆற்றுக்குப் போகட்டும் என்று விட்டார். 40 லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டது, இன்றைக்கு அங்கே 90 லட்சத்தைத் தொடும் கூட்டம். மக்கள் பெருகினார்கள், மண் தரையெல்லாம் சிமென்ட் ஆனது, எப்போதாவது பாய வேண்டிய கலிங்கு வாராவாரம் பாய ஆரம்பித்தது. கலிங்கு என்று எழுதியதும் இந்த வாக்கியம் எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள்.

சுரங்கமும் இதே கணக்கில் புரிந்துவிடும். மேல் ஏரிக் கலிங்கில் பாய்கிற தண்ணீர் கீழ் ஏரிக்குப் போவதுதான் நம் ஏரிச் சங்கிலி. தேம்ஸுக்கு அடியில் வெட்டிய டைடுவே சுரங்கம்தான் அந்தக் கீழ் ஏரி. மேற்கே ஆக்டனில் தொடங்கி கிழக்கே ஏபி மில்ஸ் வரை 25 கிலோமீட்டர், குறுக்களவு 7.2 மீட்டர். மேற்கில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்துப் போகப்போக இறங்கிக்கொண்டே போகும், அதனால் தண்ணீர் தானாக ஓடும். அங்கிருந்து 6.9 கிலோமீட்டர் லீ சுரங்கம் அதை பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டும் சேர்ந்து 16 லட்சம் கன மீட்டர் பிடிக்கும். மழை விட்டதும் இறைத்துச் சுத்திகரிப்பார்கள். 2016இல் வேலை தொடங்கி 2025 பிப்ரவரியில் எல்லா இணைப்பும் முடிந்தது. சிகாகோ இதே யோசனையில் 1975லிருந்தே தோண்டியிருக்கிறது. லண்டன் பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயர் ‘சூப்பர் ஸ்யூவர்’. அதைத் தமிழில் ‘மீப்பெரும் கழிவுநீர்’ என்று ஒருவர் ஆக்கியிருந்தார், இதிலும் குழாய் காணாமல் போயிருந்தது.

‘மேம்பாடு’ வந்த கதையும் இதுதான். முழு வேலைக்கும் ‘லண்டன் டைடுவே இம்ப்ரூவ்மென்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஐந்து சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்குவது, லீ சுரங்கம், டைடுவே சுரங்கம் என்று பல வருடம் ஓடும் பல வேலைகள் அதற்குள் அடக்கம். டைடுவே என்றால் கடல் ஏற்றம் எட்டுகிற ஆற்றுப்பகுதி. சீராவது ஆறு. கலிங்கு பாய்வது குறைகிறது. அமெரிக்க நகரங்கள் இதையே ஓவர்ஃப்ளோ இம்ப்ரூவ்மென்ட் என்று வாயில் வந்தபடி எழுதினாலும் நாம் ‘கலிங்குக் குறைப்புப் பணிகள்’ என்றுதான் எழுத வேண்டும். இன்னொன்று, பிளான், ஸ்கீம், பிராஜெக்ட், புரோகிராம் நான்குக்கும் ‘திட்டம்’ என்று ஒரே குத்தாகக் குத்துகிறோமே, ‘திட்டத்தின் கீழ் உள்ள திட்டங்களைத் திட்டமிட்டு’ என்று ஒரு வாக்கியம் படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

என் பரிந்துரை: கலப்புச் சாக்கடை, சாக்கடைக் கலிங்கு, கலிங்கு பாய்ந்தது. குழாய் அடைத்துத் தெருவில் மூடி வழியாக மேலே வருகிறதே, அது வேறு. அதைச் சாக்கடை பொங்கியது என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். இரண்டையும் குழப்புவதால்தான் சென்னையில் பொங்கினால் ‘லண்டன் போல’ என்று எழுதிவிடுகிறார்கள். சென்னையில் ஏட்டளவில் இரண்டும் தனித்தனி. மழைநீர் வடிகால் மாநகராட்சி கையில், பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தின் கையில். இங்கே கலப்பது திருட்டு இணைப்பால், அங்கே கலப்பது வடிவமைப்பால்.

அங்கணம் என்ற பழஞ்சொல்லைக் கொண்டுவரலாமே என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். குறளில் இருக்கிறது, மறுக்கவில்லை. தெருவில் இல்லையே. ‘பாதாளம்’ வடமொழி என்பவர்கள் புதைசாக்கடை என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஏரி நிறைந்து கலிங்கு பாய்ந்தால் ஊரே கும்பிடும், அந்த மங்கலச் சொல்லைக் கொண்டுபோய் சாக்கடையில் போடலாமா என்று ஒருவர் வருத்தப்பட்டார். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லைப் பூஜை அறையில் வைத்துவிட்டு வேலைக்கு மிகைப்பாய்வை அனுப்பினால் இன்னும் ஒரு தலைமுறையில் கலிங்கு என்றால் என்ன என்று கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள்.

மறுகால், கோடி இரண்டும் எனக்குச் சம்மதமே. ‘சாக்கடை மறுகால்’ என்று நெல்லைக்காரர்கள் எழுதினால் சந்தோஷமாகப் படிப்பேன். கோடி மட்டும் எண்ணிக்கையோடு மோதும், ‘57 கோடி’ என்றால் பட்ஜெட் செய்தி ஆகிவிடும். வான் என்பதில் தமிழ்நாட்டு வாசகருக்கு ஆகாயம் குறுக்கே வரும், ஈழத்து நண்பர்கள் தங்கள் பத்திரிகைகளில் தாராளமாக எழுதலாம். சுரங்கம் வந்தபிறகும் லண்டனில் பெருமழைக்கு வருடத்தில் சில முறை ஆற்றுக்குப் போகத்தான் போகிறது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்தச் சேதி வரும்போது ‘லண்டனில் சாக்கடைக் கலிங்கு பாய்ந்தது’ என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள், விளக்கத்துக்குத் தனிப் பெட்டிச் செய்தி போட வேண்டியிருக்காது.