பார்ட்டிசன்: கட்சிச்சார்பு வேறு, பாரபட்சம் வேறு

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குபவர்களுக்கு இது பழகிப்போன வாக்கியம். அமெரிக்க அதிபர் எங்கோ ஒரு போரைத் தொடங்கியிருப்பார், அல்லது தொடங்கியதை முடிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பார். நாடாளுமன்றத்தில் அதுபற்றி வாக்கெடுப்பு நடக்கும். வாக்கெடுப்பு 'பார்ட்டிசன்' (partisan) ஆக இருந்தது என்று ஆங்கிலத்தில் செய்தி வரும். தமிழில் அது 'வாக்கெடுப்பு பாரபட்சமாக நடந்தது' என்று அச்சேறிவிடும். படிப்பவர் என்ன நினைப்பார்? ஓட்டு எண்ணியதில் ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்றுதான். நடந்ததோ வேறு: அதிபரின் கட்சியினர் ஆதரித்தார்கள், மறு கட்சியினர் எதிர்த்தார்கள்.

ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்ததில், போரை எதிர்த்து வாக்களித்தவர்கள் நேர்மையற்றவர்களாகிவிடுகிறார்கள். உயிர்கள் போகும் விஷயத்தில் இந்தப் பிழையைச் சிறு பிழை என்று என்னால் விட முடியவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இதன் வேர் லத்தீன் மொழியின் 'பார்ஸ்'. பகுதி, பங்கு என்று பொருள். அதிலிருந்து இத்தாலியத்தில் 'பார்த்தே' வந்தது. ஒரு பக்கத்தைச் சேர்ந்தவன் 'பார்த்திஜானோ' ஆனான். அது பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. நம் மொழியிலும் 'பகு' என்பதிலிருந்து வந்த 'பால்' என்ற சொல்லுக்குப் பகுதி, பக்கம் என்ற பொருள்கள் உண்டு. 'ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி' என்கிற குறளில் வருவது அந்தப் பால்தான். தராசு முள் ஒரு பக்கம் சாயாமல் நிற்பதைச் சொல்ல வந்த இடம்.

ஐரோப்பாவில் இந்தச் சொல் போர்க்களத்திலேயே வளர்ந்தது. பெரும்படையிலிருந்து பிரிந்துபோய், சிறு குழுவாக எதிரியைத் தாக்கிவிட்டு மறைபவனுக்கும் பார்ட்டிசன் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் யூகோஸ்லாவியாவில் டிட்டோவின் தலைமையில் ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்றவர்கள் பார்ட்டிசன்கள். அந்தப் பொருளுக்குத் தமிழில் கரந்தடிப் படையினர் என்ற நல்ல சொல் இருக்கிறது. இதே பெயரில் ஓர் ஈட்டியும் உண்டு. லண்டன் கோபுரத்தின் காவலர்கள் சடங்கு நாட்களில் இன்றும் அதை ஏந்துகிறார்கள். ஆக, செய்தியில் இந்தச் சொல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: ஆள் மலையில் நிற்கிறாரா, அவையில் நிற்கிறாரா?

அவையில் நிற்பவரைப் பற்றியே இனிப் பேச்சு. கட்சி உணர்வு நாட்டைக் கெடுத்துவிடும் என்று ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் தமது விடைபெறும் உரையில் எச்சரித்தார். 16 ஆண்டுகள்கூட அது தாங்கவில்லை. 1812-இல் பிரிட்டன் மீது போர் தொடுக்க அதிபர் மேடிசன் அனுமதி கேட்டபோது பிரதிநிதிகள் அவையில் 79 பேர் ஆதரவு, 49 பேர் எதிர்ப்பு. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. அவர்கள் அதை 'மேடிசனின் போர்' என்றே அழைத்தார்கள். நாட்டின் போர் அல்ல, அவருடைய போர்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது லிங்கனின் கதை. 1846-இல் அதிபர் போல்க், மெக்சிகோ படைகள் அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தத்தைச் சிந்திவிட்டன என்று சொல்லிப் போருக்குப் போனார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். அடுத்த ஆண்டு டிசம்பரில், எதிர்க்கட்சியான விக் கட்சியின் புது உறுப்பினராக இல்லினாயிலிருந்து அவைக்கு வந்த லிங்கன் எழுந்து கேட்டதன் சாரம் இதுதான்: ரத்தம் சிந்தியது எந்த இடம்? காட்டுங்கள். அந்த இடம் யார் கையில் இருந்தது? அங்கே குடியிருந்தவர்கள் அமெரிக்க அரசை ஏற்றவர்களா? வரி கட்டினார்களா? ஒரு வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல, ஒவ்வொன்றாக எட்டுக் கேள்விகள். 1848 ஜனவரியில், இந்தப் போர் தேவையின்றியும் அரசமைப்புக்கு மாறாகவும் அதிபரால் தொடங்கப்பட்டது என்ற வாசகத்தைப் பிரதிநிதிகள் அவை 85-க்கு 81 என்ற கணக்கில் ஏற்றது. வாக்குகள் கட்சிவாரியாகவே பிரிந்தன. லிங்கனின் வாக்கும் அந்த 85-இல் ஒன்று. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அந்த 'இடம்' என்ற சொல்லையே பிடித்து அவருக்குப் பட்டப்பெயர் சூட்டின.

லிங்கன் செய்தது கட்சிச்சார்பான செயல்தான். விக் கட்சி 1848 தேர்தலையும் கணக்கில் வைத்திருந்தது. அதனால் அவருடைய கேள்வி பொய்யாகிவிடுமா? எல்லைத் தகராறு இருந்த நிலத்தில்தான் ரத்தம் சிந்தியது. கேள்வி சரியானது.

15 ஆண்டுகள் கழித்து அதே லிங்கன் அதிபர் நாற்காலியில் இருந்தார். பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு உள்நாட்டுப் போர். வடக்கிலேயே போரை நிறுத்தச் சொன்ன ஜனநாயகக் கட்சிக்காரர்களை 'காப்பர்ஹெட்' என்று திட்டினார்கள். ஓசையில்லாமல் வந்து கடிக்கும் ஒரு விஷப்பாம்பின் பெயர் அது. அவர்களில் முன்னணியில் நின்றவர், ஒஹையோவின் வல்லாண்டிகாம். 1863 மே மாதம் அவரைப் படையினர் கைது செய்து ராணுவ மன்றத்தில் நிறுத்தினார்கள். லிங்கன் அவரைத் தெற்கே, எதிரியின் எல்லைக்குள் அனுப்பி வைத்தார். லிங்கன்மீது எனக்கு மதிப்பு மிக அதிகம். ஆனாலும் இந்த இடத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வைத்து ஒருவர் வாயை அடைக்கத் தொடங்கினால், பட்டப்பெயர் முந்திக்கொள்கிறது. அவர் சொன்னது என்ன என்பதே மறந்துபோகிறது.

தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடினால் கட்சியில்தான் வந்து நிற்போம். பழந்தமிழில் கட்சி என்றால் புகலிடம், பறவைக்கூடு, காடு. புறநானூற்றின் 157-ஆம் பாட்டில் குறமகள் இளவெயினி ஒரு காட்சியைக் காட்டுகிறார். பொழுது சாயும் நேரம். கூட்டம் கலைந்து, தங்குமிடம் தெரியாமல் ஒரு கடமான் ஏறு தன் பிணையைக் கூப்பிடுகிறது. அந்தக் குரலை மலைக்குகையில் ஒரு புலி செவிகொடுத்துக் கேட்கிறது. 'கட்சி காணாக் கடமான்' என்பது அவர் சொல். இன்று நாம் புழங்கும் கட்சி, கக்ஷி என்ற வடசொல்லின் வழி வந்தது என்பார்கள். மலையாளத்தில் கக்ஷி, கன்னடத்தில் கக்ஷிதாரர், நம் கோர்ட்டில் கட்சிக்காரர். வழக்காட வந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லில் இன்னும் உயிரோடிருக்கும் பொருள். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது 'நான் உங்க கட்சி' என்று சின்னப் பிள்ளைகள் கத்துவதும் இதுவே. 'ஊரே ரெண்டு கட்சியா நிக்குது' என்றால் யார் சரி, யார் தப்பு என்று பேச்சில்லை. பிரிந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

பாரபட்சம் அப்படியல்ல. அது நீதி சொல்ல வேண்டியவர் செய்யும் குற்றம். நீதிபதி, ஆசிரியர், பந்தியில் பரிமாறுகிறவர் செய்யக்கூடாதது. ஒருபாற்கோடல் என்று நல்ல தமிழில் சொல்லலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் நடுவர் இல்லையே. அவர் ஒரு பக்கத்தின் வழக்கைப் பேசவே அனுப்பப்பட்டவர். அவரைப் பார்த்துப் பாரபட்சம் என்பது, வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வாதாடுவதைக் குற்றம் சொல்வதுபோல.

ஆகவே, பார்ட்டிசன் என்பதற்குப் பொதுவாகக் 'கட்சிச்சார்பு', 'கட்சிச்சார்பான' என்பவை போதும். வாக்கெடுப்பானால் 'கட்சிவாரியாகப் பிரிந்தது' என்று எழுதலாம். இகழ்ச்சி இருக்கிறதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 'கட்சிவெறி'. ஆளைக் குறித்தால் 'கட்சிக்காரர்' போதும். எந்தப் பக்கமும் சேராததற்குக் 'கட்சி சாராத'. இரு பக்கமும் சேர்ந்து செய்தால் 'இருகட்சி ஒப்புதல்'. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அதிபர் புஷ் அனுமதி பெற்றபோது, பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சியின் 81 பேர் அவரை ஆதரித்தார்கள், 126 பேர் எதிர்த்தார்கள். அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியில் 6 பேர் எதிர்த்தார்கள். இதைக் கட்சிவாரி என்று எழுதினாலும் பிழை, இருகட்சி ஒப்புதல் என்று மட்டும் எழுதினாலும் பாதி உண்மை. எண்களையே எழுதிவிடுவதுதான் வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இருகட்சி ஒப்புதல் என்றதும் அது நல்லது என்று எண்ணிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 1964 ஆகஸ்ட் 7 அன்று, வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் ஜான்சனுக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட இரண்டு தாக்குதல்களில் இரண்டாவது நடக்கவே இல்லை என்பது பிற்பாடு தெளிவானது.

எதிர்த்த இருவரும் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள்: அலாஸ்காவின் குருனிங், ஓரிகனின் வெய்ன் மோர்ஸ். மோர்ஸ் முன்பு குடியரசுக் கட்சியில் இருந்து 1952-இல் விலகியவர். 1953 ஜனவரியில் செனட்டுக்கு வரும்போது ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்து, இரு கட்சி வரிசைகளுக்கும் நடுவே உள்ள நடைபாதையில் போட்டுக்கொண்டார். பிறகு ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த கட்சியின் அதிபரையே எதிர்த்தார். 1968 தேர்தலில் இருவருமே பதவியை இழந்தார்கள். குருனிங் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார்.